வல்லூறு அமர்ந்த கை

புத்தாண்டு பிறந்த இரண்டாம், மூன்றாம் நாள்களில் டோக்கியோவின் ஹமாரிக்யூ தோட்டத்தில் கூட்டம் கூடும். கடல்நீர் ஏறி இறங்கும் குளம், முந்நூறு வயதுப் பைன் மரம், அவற்றின் பின்னால் வானத்தை மறைக்கும் ஷியோதோமே பகுதிக் கண்ணாடிக் கட்டடங்கள். புல்வெளியில் ஒருவர் இடது முழங்கையை மடக்கி அசையாமல் நிற்பார். மான்தோல் கையுறையின் மேல் பெரிய வல்லூறு ஒன்று. தொலைவில் நிற்கும் இன்னொருவர் இடுப்பில் தொங்கும் சிறிய மரச் சிமிழை எடுத்து, மூடியால் அதன் விளிம்பைத் தட்டுவார். டொக், டொக். வல்லூறு கையை விட்டு இறங்கி, புல்லைத் தொடுவதுபோல் தாழப் பறந்து, கடைசி நொடியில் மேலெழும்பி அவர் கையில் வந்து உட்காரும். சிமிழுக்குள் இருக்கும் இறைச்சித் துண்டு அதற்குக் கிடைக்கும்.

அந்தச் சிமிழுக்கு எகோஷி என்று பெயர். வல்லூறை வளர்த்துப் பழக்கி வேட்டைக்கு விடுபவர் தகாஜோ. எகோஷியின் தட்டல் ஒலி ஒருகாலத்தில் ஜப்பானியப் பேரரசின் அரண்மனைப் பணியாளர்களின் அன்றாட ஒலி. 1300 ஆண்டுகளுக்கு முன்பே அரசு இதற்கென்று தனி அலுவலகம் வைத்திருந்தது. அதை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது, வேறு பெயரில் திறந்தது. இன்று அரண்மனையில் வல்லூறு வேட்டை இல்லை. வேட்டைக் கலையோ இருக்கிறது, அரண்மனைக்கு வெளியே, சாதாரண மனிதர்களின் கையில். இந்த நீண்ட வரலாற்றை ஒருமுறை நின்று பார்த்தால், ஒரு கைத்தொழில் எதனால் பிழைக்கிறது, எதனால் அழிகிறது என்பது துலங்கும்.

தொடக்கக் கதையே ஒரு பறவையைக் கையளித்த கதைதான். 720இல் எழுதி முடிக்கப்பட்ட நிஹோன் ஷோகி என்னும் வரலாற்று நூல், தொல்பழங்கால மன்னர் நின்தோகுவின் காலத்தில் நடந்ததாக ஒன்றைச் சொல்கிறது. யாரோ ஒருவர் விசித்திரமான பறவை ஒன்றைப் பிடித்து மன்னரிடம் கொண்டுவந்தார். அது என்ன பறவை என்று அவையில் யாருக்கும் தெரியவில்லை. கொரியத் தீபகற்பத்தின் பெக்சே நாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த சாகே நோ கிமி என்ற இளவரசரைக் கேட்டார்கள். எங்கள் நாட்டில் இது நிறைய உண்டு, பழக்கினால் மற்றப் பறவைகளைப் பிடித்துத் தரும் என்றார் அவர். பறவையின் காலில் தோல்வார் கட்டினார், வாலில் சின்ன மணி கட்டினார், பழக்கி முடித்து மன்னரிடம் ஒப்படைத்தார். முதல் வேட்டையிலேயே பல பறவைகள் சிக்கின. உடனே மன்னர் வல்லூறு வளர்ப்போர் குழுவை ஏற்படுத்தினார். ஒசாகா நகரின் தெற்கில் தகாஆய் என்ற ஊர்ப்பெயரில் அந்த நினைவு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நின்தோகுவின் கதையில் புராணம் எவ்வளவு, வரலாறு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் 6ஆம் நூற்றாண்டுக் கல்லறை மேடுகளில் கிடைத்த சுடுமண் உருவங்களில், கையில் வல்லூறு ஏந்திய மனிதனும் இருக்கிறான். அலுவலகம் பிறக்கும் முன்பே கை தயாராக இருந்தது.

701ஆம் ஆண்டின் தாய்ஹோ சட்டத் தொகுப்பு அந்தக் கைக்கு அரசுப் பதவி கொடுத்தது. போர் அமைச்சகத்தின் கீழ் ஒரு சிறு அலுவலகம். ஒரு தலைவர், ஒரு எழுத்தர், சில ஏவலர்கள். வல்லூறுகளையும் வேட்டை நாய்களையும் பழக்குவது அவர்கள் கடமை. பறவை வளர்ப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் அந்த அலுவலகத்தோடு இணைக்கப்பட்டன.

இருபது ஆண்டுகளில் சோதனை வந்தது. பௌத்தம் அரண்மனைக்குள் ஆழ வேரூன்றிய காலம் அது. 721இல் பேரரசி கென்ஷோ ஓர் ஆணை பிறப்பித்தார். அலுவலகத்தின் வல்லூறுகளையும் நாய்களையும், அரண்மனைச் சமையல்கட்டுக்கு மீன்பிடித்த நீர்க்காகங்களையும், நாடெங்கும் வளர்த்த கோழிகளையும் பன்றிகளையும் அவையவை பிறந்த இடத்துக்கே விட்டுவிடுங்கள், அவை தம் இயல்புப்படி வாழட்டும் என்றது அந்த ஆணை. அதிகாரிகளின் பணி நிறுத்தப்பட்டது. வல்லூறுக் குடும்பங்கள் சாதாரணக் குடிகளாகப் பதிவாயின. பிறகு அலுவலகம் மீண்டும் முளைத்தது. 764இல், பேரரசி ஷோதோகு மறுபடியும் அரியணை ஏறிய ஆண்டில், அது மறுபடி கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் புதிதாக ஒன்று வந்தது. கலைக்கப்பட்டதன் பெயர் ஹோயோஷி, ‘வல்லூறை விடும் அலுவலகம்’. வந்ததன் பெயர் ஹோஜோஷி, ‘உயிர்களை விடும் அலுவலகம்’. மூன்று எழுத்துப் பெயரில் மாறியது நடு எழுத்து மட்டும். வேட்டைக்காகப் பறவையைக் கையிலிருந்து விடுவதும், கருணைக்காகப் பறவையைக் கூண்டு திறந்து விடுவதும் அந்த மொழியில் ஒரே வினைச்சொல். ஓர் அரசு தன் மனச்சாட்சியோடு நடத்திய வழக்கு அத்தனையும் அந்த ஒற்றை எழுத்துக்குள் அடங்கியிருக்கிறது.

கருணை நிலைத்ததா என்றால் இல்லை. அடுத்த தலைமுறையிலேயே, தலைநகரைக் கியோட்டோவுக்கு மாற்றிய பேரரசர் கன்மு வல்லூறு வேட்டையில் மூழ்கியவராக இருந்தார். அவர் மகன் சாகா 818இல் வல்லூறு வளர்ப்புக்கென்றே ஒரு நூல் தொகுக்கச் செய்தார். நல்ல பறவையின் அடையாளங்கள், பழக்கும் முறை, நோய், மருந்து எல்லாம் அதில் இடம்பெற்றன. அரசு இந்தக் கலையைக் காகிதத்தில் பிடித்து வைக்க முயன்ற தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. கடைசி முயற்சி அல்ல.

காகிதத்தில் பிடிபடாதது என்ன என்று தெரிய வேண்டுமானால், புதிதாக வந்த வல்லூறோடு தகாஜோ கழிக்கும் முதல் இரவுகளைப் பார்க்க வேண்டும். இதை யோசுஎ என்பார்கள். இரவில் கையில் ஏந்தி இருத்தல் என்று பொருள். இருண்ட அறை. இடது முட்டியில் பறவை. அது சிறகடித்துக் கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும். பொறுமையாகத் தூக்கி மறுபடி முட்டியில் நிறுத்த வேண்டும். அதன் கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது. முறைத்துப் பார்ப்பவன் அதற்குப் பகைவன். முட்டி சாயக் கூடாது, நடுங்கக் கூடாது. நிறைகுடம் ஏந்தியவர் போல மணிக்கணக்கில் இருக்க வேண்டும். மனிதக் கையும் ஒரு மரக்கிளைதான் என்று பறவை நம்பும்வரை இது நடக்கும். பிறகு ஓர் இரவில் அது தலையைத் தாழ்த்தி, கையுறையின் மேல் வைத்த இறைச்சியை ஒரு கொத்துக் கொத்தும். அதற்குப் பின்பே விடியற்காலை நடை, அப்புறம் பகல் நடை, மனிதர்களும் நாய்களும் நடமாடும் தெரு.

பறவையின் பசியை அளப்பதும் விரலால்தான். மார்பெலும்பின் இரு பக்கமும் விரல் வைத்துத் தசையின் தடிப்பைத் தடவிப் பார்ப்பார் தகாஜோ. தசை கூடினால் பறவைக்கு வேட்டையில் நாட்டம் இருக்காது, பறந்தால் திரும்பாது. குறைந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய கோட்டை எந்த நூலும் காட்டித் தர முடியாது. ஆசானின் விரல் தொட்ட இடத்தில் மாணவனின் விரலும் தொட்டு, இதுதான், இன்று சரியாக இருக்கிறது என்று அவர் சொல்வதைப் பலநூறு முறை கேட்டுத்தான் அது வரும்.

அதனால்தான் இந்தக் கலையின் உண்மையான வரலாறு ஆணைகளுக்கு வெளியே ஓடியது. அரசவையிலிருந்து அதிகாரம் சாமுராய்களின் கைக்குப் போனபின், காமகுரா ஆட்சியாளர்களும் வல்லூறு வேட்டைக்குத் தடை விதித்தார்கள். 1212ஆம் ஆண்டுத் தடையில் ஒரு விலக்கு இருந்தது: ஷினானோ மலைநாட்டின் சுவா ஆலயத்துக்குப் படையலாக வைக்கும் வேட்டை. தெய்வத்தின் பெயரால் கிடைத்த அந்த விலக்கின் நிழலில் சுவா மரபு வளர்ந்தது. ஹமாரிக்யூவில் இன்று சிமிழைத் தட்டுபவர்கள் அந்த மரபின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறார்கள்.

அலுவலகத்தின் உச்சகாலம், நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான தோகுகாவா ஷோகுன்களுடையது. முதல் ஷோகுன் இயெயாசுவுக்கு வல்லூறு வேட்டை உயிர். உடலை உரப்படுத்த, படையைப் பழக்க, கிராமங்களின் நிலையைக் கண்ணால் காண அதுவே வழி என்று நம்பியவர். 1616இல் அவர் நோயில் விழுந்ததும் வேட்டைக்குப் போன இடத்தில்தான். அதிலிருந்து அவர் எழவில்லை. 1628இல் எதோ நகரைச் (இன்றைய டோக்கியோ) சுற்றி ஐந்து ரி, அதாவது ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரையுள்ள நிலம் ஷோகுனின் வேட்டைக் களமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே மட்சுமாயே, ட்சுகாரு போன்ற பகுதிகளின் பிரபுக்கள் வல்லூறுகளைக் காணிக்கை அனுப்பினார்கள். கொரியத் தூதுக்குழுக்களின் பரிசுகளிலும் வல்லூறு இருந்தது. குளிர்காலத்தில் ஷோகுன் தம் கையால் வல்லூறை விட்டுப் பிடித்த பெருங்கொக்கை உப்பிட்டு, இரவு பகல் பாராமல் ஆள்மாற்றி ஓடி, கியோட்டோவிலுள்ள பேரரசரிடம் சேர்த்தார்கள். ஆட்சி முழுவதும் தன் கையில் இருக்க, அந்த ஆட்சியின் மூலத்துக்குச் செலுத்தும் மரியாதையை ஷோகுன் ஒரு கொக்கின் உருவில் அனுப்பிவைத்தார்.

இந்தப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் கடந்தால் அது வரலாறு ஆகாது. வேட்டைக் களத்துக்குள் இருந்த கிராமங்களில் புது வீடு கட்ட அனுமதி வேண்டும். மரம் வெட்ட அனுமதி. வயலில் சோளக்கொல்லைப் பொம்மை நிறுத்தவும் அனுமதி, ஏனென்றால் பறவை பயந்து ஓடக் கூடாது. கதிரைத் தின்னும் பறவையை உழவன் விரட்ட முடியாது, அது ஷோகுனின் பறவை. வேட்டை வரும் நாளில் பாதையைச் செப்பனிட வேண்டும், பாலம் போட வேண்டும், நாயையும் பூனையையும் கட்டிப்போட வேண்டும். அரண்மனையில் வளர்ந்த பறவைகளின் தீனிக்காகக் கிராமத்துக்கு இத்தனை என்று கணக்கிட்டுப் பிள்ளைப்பூச்சி பிடித்துத் தரும் கடமையும் இருந்தது. மண்ணைக் கிளறி, ஈர வரப்பில் குனிந்து, நழுவும் பூச்சியைக் கையால் பொத்திப் பிடிக்கும் உழவனும் அந்த அலுவலகத்தின் ஊழியன்தான், சம்பளமில்லாத ஊழியன். ஷோகுனின் முட்டியில் அமர்ந்த வல்லூறின் எடையில் அவனுடைய முதுகுவலியும் சேர்ந்திருந்தது. மேற்கு டோக்கியோவின் மிதாகா நகரத்தின் பெயரில் ‘வல்லூறு’ இருப்பது இந்த வேட்டைக் களங்களால்தான் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போது அந்த உழவனையும் நினைப்பது நமக்கு நல்லது.

ஐந்தாம் ஷோகுன் ட்சுனாயோஷி உயிர்களிடம் இரக்கம் காட்டச் சொல்லி ஆணைமேல் ஆணை போட்டவர். 1693இல் வல்லூறு வேட்டையை நிறுத்தினார். சில ஆண்டுகளில் தகாஜோ பதவிகளும் போயின. தகாஜோக்கள் குடியிருந்ததால் கன்டா பகுதியில் தகாஜோ-சோ என்று வழங்கிய தெருவின் பெயரையும் மாற்றினார்கள். ஒகாவாமச்சி என்று அன்று சூட்டிய பெயர் இன்று ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் பெயர். தினமும் அங்கே ஏறி இறங்குவோரில் எத்தனை பேருக்கு அது ஒரு கலையை மறக்கடிக்கச் சூட்டிய பெயர் என்று தெரியும்?

1716இல் எட்டாம் ஷோகுன் யோஷிமுனே பதவிக்கு வந்தவுடன் அலுவலகத்தை மீட்டார். சென்டாகியிலும் ஸோஷிகாயாவிலும் தகாஜோக்களின் குடியிருப்புகளும் வல்லூறுக் கொட்டில்களும் எழுந்தன. இந்த மீட்சியை ஷோகுனின் விருப்பத்துக்கே வரவு வைப்பது வழக்கம். கணக்கைச் சற்றுப் பாருங்கள். நிறுத்தியதற்கும் மீட்டதற்கும் இடையே 23 ஆண்டுகள். இருபது வயதில் யோசுஎ கற்ற இளைஞனுக்கு 1716இல் நாற்பத்துமூன்று வயது. அவன் விரல் அந்தத் தசைத் தடிப்பை மறந்திருக்காது. தெருவின் பெயர் போயிற்று, சம்பளம் போயிற்று, பறவை போயிற்று. கற்ற கை இருந்தது. இடைவெளி அறுபது ஆண்டாக இருந்திருந்தால் எத்தனை ஆணை போட்டும் யோஷிமுனேயால் ஒரு வல்லூறைக்கூடத் திரும்ப அழைத்திருக்க முடியாது. மூடிய அலுவலகத்தை ஒரே நாளில் திறக்கலாம், அறுந்த தலைமுறையை ஒட்டவைக்க முடியாது. இந்த 1300 ஆண்டு வரலாற்றில் நான் கண்ட பாடம் இதுதான்.

1868இல் ஷோகுன் ஆட்சி முடிந்து அதிகாரம் பேரரசரிடம் திரும்பியபோது, தகாஜோக்கள் மறுபடி நடுத்தெருவுக்கு வந்தார்கள். இம்முறை இடைவெளி நீளவில்லை. மேய்ஜி அரசின் அரண்மனை அமைச்சகம் பழைய தகாஜோக்கள் சிலரைப் பணிக்கு எடுத்துக்கொண்டது. ரயிலும் தந்தியும் வந்து பழையவை எல்லாம் வெட்கத்துக்குரியவையாகத் தோன்றிய காலத்தில் அது சிறிய செயல் அல்ல. ஆனால் வேட்டையின் இயல்பு மாறியது. பரந்த வயல்வெளிகள் போய், அரண்மனைக்குச் சொந்தமான காட்டுவாத்துக் குளங்களே களமாயின. ஹமாரிக்யூவில் ஷோகுன்கள் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த குளங்கள் முன்மாதிரி. 1893இல் சிபா மாவட்டத்தின் ஷின்ஹமாவில் ஒன்று உருவானது, சைதாமாவிலும் ஒன்று.

அந்தக் குளத்தின் அமைப்பு நுட்பமானது. நடுவில் மரங்கள் சூழ்ந்த பெரிய நீர்நிலை. வடக்கேயிருந்து வரும் காட்டுவாத்துகள் பனிக்காலம் முழுவதும் அங்கே தங்கும். அதிலிருந்து குறுகலான கால்வாய்கள் பல பிரியும். கால்வாயின் முனையில் மறைவான ஒரு குடில். உள்ளிருந்து ஆள் பலகையைத் தட்டித் தினையைத் தூவுவார். பழகிய வாத்துகள் ஒலி கேட்டு உள்ளே நீந்திவரும், அவற்றை நம்பிக் காட்டுவாத்துகள் பின்தொடரும். கரையின் மண்மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருப்பவர்கள், வாத்துகள் மேலெழும் நொடியில் கைவலையால் வீசிப் பிடிப்பார்கள். வலைக்குத் தப்பியதைப் பிடிப்பது வல்லூறின் வேலை. தப்பிய ஒன்று குளத்துக்குத் திரும்பினால் அதன் அச்சம் மற்றவற்றையும் தொற்றிக்கொள்ளும், குளமே காலியாகிவிடும் என்பது காரணம். ஒருகாலத்தில் பெருங்கொக்கை வீழ்த்திய பறவை, விருந்தினரின் வலை வீச்சுக்குத் துணையாளாக நின்றது.

1931இல் அரண்மனை அமைச்சகம் ‘ஹோயோ’ என்ற பெரிய நூலை வெளியிட்டது. வல்லூறு வேட்டையின் வரலாறு, முறைகள், கருவிகள் எல்லாவற்றையும் திரட்டிய நூல். சாகா மன்னரின் 818ஆம் ஆண்டு முயற்சியின் நீட்சி அது. 1935இல் ஹமாரிக்யூவில், அங்கே உயிர்விட்ட வாத்துகளின் ஆன்மா சாந்தியடைய ஒரு நினைவுக்கல்லும் நட்டார்கள். கொன்ற கைகளே வணங்கிய கல் அது. 764இன் ‘உயிர்களை விடும் அலுவலகம்’ முழுவதுமாகச் சாகவில்லை என்று அதன்முன் நின்றால் தோன்றும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் குளங்கள் பிழைத்தன. ஆக்கிரமிப்புப் படையின் அதிகாரிகளை அரண்மனை வாத்து வேட்டைக்கு அழைத்து உபசரித்தது; பின்னர் தூதர்களும் அமைச்சர்களும் வந்தார்கள். இன்று பிடித்த வாத்துகளின் காலில் அடையாள வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். இப்போதைய பேரரசர் நருஹிதோ, மசாகோவிடம் மணம் பேசியதும் 1992இல் ஷின்ஹமா குளக்கரையில்தான். அந்தக் குளங்களைச் சுற்றி நகரம் நெருக்கிவிட்டது. அவை மட்டும் பறவைகளுக்கு மிஞ்சிய நீராக இருக்கின்றன. வேட்டைக்காக வேலியிட்ட இடம் அடைக்கலமானது, இதில் மகிழ்ச்சிதான்.

ஆனால் வல்லூறு என்ன ஆயிற்று? 1927இல் அரண்மனைப் பணியில் சேர்ந்த ஹனாமி கவோரு, மூத்த தகாஜோக்களிடம் கற்று, போரையும் பஞ்சத்தையும் கடந்து வல்லூறுகளைக் காத்தவர். 1976இல் அவர் ஓய்வுபெற்றார். அரண்மனையின் கடைசி தகாஜோ என்று அவரைத்தான் சொல்கிறார்கள். குளம், வலை, தினை தூவும் குடில் எல்லாவற்றையும் பேணிய அமைப்பு, கையை மட்டும் பேண மறந்தது. நூல் இருக்கிறதே என்ற ஆறுதல் அங்கே யாருக்காவது இருந்திருக்கலாம். நூலிலிருந்து ஒரு வல்லூறும் கையில் வந்து உட்கார்ந்ததில்லை.

கலையைக் காப்பாற்றியது ஹனாமியின் ஒரு முடிவு. அரண்மனைச் சுவருக்குள் இருந்ததை அவர் வெளியாருக்குக் கற்றுக்கொடுத்தார். சுவா மரபின் பதினாறாம் ஆசான் அவர். 2002இல் அவர் மறைந்தபோது கற்ற கைகள் வெளியே இருந்தன. 2015இல் பதினெட்டாம் ஆசானாகப் பொறுப்பேற்றவர் ஒரு பெண், ஓட்சுகா நொரிகோ. குலமும் பதவியும் ஆண்வாரிசும் காத்த வட்டத்துக்குள் அவர் பிறந்திருக்கவில்லை. கற்றுக்கொண்டு உள்ளே வந்தார்.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறானதைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் கோமகன் குடும்பம் 17ஆம் நூற்றாண்டில் பெற்ற அரச வல்லூறுக்காரர் பட்டம் பரம்பரையாக இறங்கி வந்தது. பறவையும் வேட்டையும் அரண்மனையை விட்டுப் போன பின்னும் பட்டம் இருந்தது. ஜப்பானில் பட்டம் போனபின் பறவை இருக்கிறது. இரண்டில் எது பேறு என்று கேட்டால் பதில் சொல்ல நான் தயங்க மாட்டேன்.

2010இல் யுனெஸ்கோ வல்லூறு வேட்டையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பதிந்தபோது 11 நாடுகள் அதில் இருந்தன, 2021இல் 24 ஆயின. பெக்சேயின் மண்ணான கொரியா அந்தப் பட்டியலில் உண்டு. அதனிடம் கற்ற ஜப்பான் இல்லை. பட்டியலில் சேர்வது நல்லதுதான். அதைவிட அவசரமானது, கற்றவர் இருக்கும்போதே கற்பவருக்குச் சோறு போடுவது. பறவையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞருக்கு வீட்டு வாடகை யார் கொடுப்பார்கள்? வல்லூறைப் பறக்கவிட வெளி எங்கே? அரண்மனையின் வாத்துக் குளங்களில் ஆண்டுக்குச் சில நாள்கள் அந்த ஆசான்களையும் மாணவர்களையும் அழைத்துப் பயிற்சிக்கு இடம் தரலாமே. ஒரு வாத்தைக்கூடக் கொல்லாமல், எகோஷியின் ஒலிக்குப் பறவை திரும்பி வருவதை மட்டும் அங்கே காக்க முடியும். அழித்து மீட்கும் ஆட்டத்தை 1300 ஆண்டுகள் ஆடிய அரசுக்கு, இந்த ஒருமுறை அழியும் முன்பே கைகொடுக்கும் வாய்ப்பு இருக்கிறது.

பெக்சே இளவரசர் தாம் பழக்கிய வல்லூறைக் கொடுத்தது மன்னரின் கையில். ஹனாமி கொடுத்தது கேட்டு வந்தவர்களின் கையில். அடுத்த புத்தாண்டுக் குளிரில் ஹமாரிக்யூவின் புல்வெளியில் யாரோ ஓர் இளைஞர் முதல்முறையாகக் கூட்டத்தின் முன் அந்தச் சிமிழைத் தட்டுவார். பறவை ஒரு நொடி தலையைச் சாய்த்துக் கேட்கும். பிறகு இறங்கி அவரை நோக்கி வரும்.